சுண்ணாம்புக்குள் இருந்த முகம்

வாசகர் கேள்வி – பதில்

எழும்பூர் அருங்காட்சியகத்தைப் பற்றி முன்பு ஒரு கேள்விக்குப் பதில் எழுதியபோது, இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்தில் இருக்கும் பார்ஜெல்லோ மாளிகையும் இப்படித்தான் பல வேலைகளைப் பார்த்துவிட்டுக் கடைசியில் அருங்காட்சியகமாக நிலைத்தது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு சென்னை வாசகர்கள் பலர் எழுதிவிட்டார்கள். ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக அந்த மாளிகைக்கே ஒதுக்குகிறேன்.

பார்ஜெல்லோ எந்த அரசருடைய அரண்மனை? அந்த வம்சம் போன பிறகுதான் அது வேறு வேலைகளுக்குப் பயன்பட்டதா?
– வாசகி, மயிலாப்பூர்

எந்த அரசருடையதும் இல்லை, அம்மா. இத்தாலியர்கள் ‘பலாட்ஸோ’ என்று சொல்லும்போது மன்னர் குடியிருந்த இடத்தை மட்டும் குறிப்பதில்லை. செல்வர் வீடானாலும் ஊர் அலுவலகமானாலும், கல்லால் எழுப்பிய பெரிய கட்டடத்துக்கு அதே சொல்தான். நம்முடைய ‘அரண்மனை’ என்ற சொல்லைப் பிரித்து, அரணாக நிற்கும் மனை என்று பொருள் கொண்டால் பார்ஜெல்லோவுக்கு அது மிகவும் பொருந்தும். சன்னல்கள் குறைந்த முரட்டுக் கற்சுவரும், கோட்டை மதிலைப் போலப் பல்வரிசை வைத்த உச்சியும், 57 மீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்கும் கோபுரமுமாக, உள்ளே வருகிறவரை வரவேற்பதைவிட வெளியே கூடும் கூட்டத்தைத் தடுத்து நிறுத்துவதையே எண்ணிக் கட்டிய கட்டடம் அது.

கட்டத் தொடங்கியது 1255இல். அப்போது புளோரன்ஸ் மன்னர் இல்லாத குடியரசு. பெருங்குடும்பங்கள் ஆளுக்கொரு கோபுரம் கட்டிக்கொண்டு தெருவுக்குத் தெரு சண்டையிட்ட காலம். அந்தக் குடும்பங்களை எதிர்த்து நின்ற வணிகரும் கைவினைஞரும் தங்களுக்கென்று ‘மக்கள் தலைவர்’ என்ற பதவியை உண்டாக்கி, அவர் இருக்க இந்த மாளிகையை எழுப்பினார்கள். அந்நகரத்தில் இன்றும் நிற்கும் பொதுக் கட்டடங்களில் இதுதான் மூத்தது. சுற்றுலாப் பயணிகள் எல்லோரும் படம் பிடிக்கும் பலாட்ஸோ வெக்கியோவின் வேலை 1299இல்தான் தொடங்கியது.

சில ஆண்டுகளுக்குள் ‘போதெஸ்தா’ என்ற தலைமை நீதிபதி இங்கே குடிவந்தார். இந்தப் பதவியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது. போதெஸ்தாவாக வருகிறவர் கட்டாயம் வெளியூர்க்காரராக இருக்க வேண்டும். உள்ளூரில் அவருக்கு மாமன் மைத்துனன் என்று யாரும் இருக்கக் கூடாது. தம்முடைய எழுத்தரையும் காவலரையும் தாமே கூட்டிக்கொண்டு வந்து, குறுகிய காலம் தீர்ப்புச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட வேண்டும். உத்திரமேரூர்க் கல்வெட்டில், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருடைய உறவினர் பெயரையும் குடவோலையில் சேர்க்கக் கூடாது என்று பராந்தகன் காலத்து ஊர்ச்சபை எழுதி வைத்ததற்கும் இதற்கும் அடியில் இருக்கும் கவலை ஒன்றே என்று எனக்குத் தோன்றும்.

அப்படி வந்து போன அதிகாரிகள் தங்கள் குலச் சின்னங்களைக் கல்லில் செதுக்கி முற்றத்துச் சுவரில் பதித்துவிட்டுப் போனார்கள். நான் அங்கே நின்றபோது முதலில் கண்ணில் பட்டவை அவைதாம். கேடயமும் சிங்கமும் பட்டையும் கோடுமாக, வரிசை தப்பி, ஒன்றின் தோளில் இன்னொன்று இடித்துக்கொண்டு, படிக்கட்டின் ஓரம் வரைக்கும் ஏறிப் போகின்றன. மழைநீர் வழிந்த இடத்தில் சில சின்னங்களின் விளிம்பு மழுங்கிவிட்டது. தூணுக்குப் பின்னால் ஒதுங்கியவை மட்டும் நேற்றுச் செதுக்கியவை போல் இருக்கின்றன.

1502இல் போதெஸ்தா பதவி நீங்கி, நீதிமன்றக் குழு வந்தது. 1574இல் மெடிச்சி என்ற பெருங்குடும்பத்தின் ஆட்சியில் மாளிகை நகரக் காவல் தலைவரிடம் போனது. 1850களின் இறுதிவரை காவலும் சிறையும். 1865 முதல் அருங்காட்சியகம்.

ஒரு நீதிமாளிகைக்குக் காவல் அதிகாரியின் பெயர் எப்படி நிலைத்தது? பழைய கௌரவமான பெயரை ஏன் யாரும் மீட்கவில்லை?
– வாசகர், புரசைவாக்கம்

‘பார்ஜெல்லோ’ என்பது அந்தக் காவல் தலைவரின் பதவிப் பெயர். முந்நூறு ஆண்டுகளுக்கு நெருக்கமாக, ஊரில் யாரைப் பிடித்தாலும் இழுத்துக்கொண்டு போன இடம் அது. அதற்கு முன்னால் அங்கே உட்கார்ந்த நீதிபதிகளின் பெயர்கள் ஏடுகளில் இருந்தன. மக்கள் வாயில் இருந்தது பிடித்துக்கொண்டு போனவரின் பெயர். அருங்காட்சியகமாகி நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலான பிறகும் நுழைவுச் சீட்டில் அதே பெயர்தான் இருக்கிறது. ஊர் ஒரு கட்டடத்தை எந்த நிலையில் மிக நெருக்கமாக அறிந்ததோ, அந்த நிலையின் பெயரே ஒட்டிக்கொள்கிறது.

இதற்கு நாம் புளோரன்ஸ் வரை போக வேண்டியதில்லை. திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இருக்கும் விவேகானந்தர் இல்லம் 1842இல் பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டியது. பனிக்கட்டி வணிகம் நின்று, அது வீடாகி, 1897இல் விவேகானந்தர் தங்கி உரையாற்றிய இடமாகி, பின்னர் சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைகளுக்கு நடத்திய விடுதியாகி, இன்று விவேகானந்தர் பெயரால் நினைவில்லமாக நிற்கிறது. ஆனாலும் ஆட்டோவில் ஏறி ‘ஐஸ் ஹவுஸ்’ என்றால்தான் வண்டி சரியான இடத்துக்குப் போகும். அந்தப் பகுதியின் காவல் நிலையத்துக்கும் அதே பெயர்.

எழும்பூர் அருங்காட்சியகத்தைப் பழைய சென்னைவாசிகள் ‘செத்த காலேஜ்’ என்பார்கள். 1851இல் அந்தச் சேகரிப்பு முதலில் கல்லூரிச் சாலையில், கோட்டைக் கல்லூரி இருந்த கட்டடத்தில்தான் வைக்கப்பட்டது என்பதை நினைத்தால் ‘காலேஜ்’ எப்படி வந்தது என்று விளங்கும். 1854இல் அது பாந்தியன் வளாகத்துக்கு மாறியது. கம்பெனி காலத்து வெள்ளையர் விருந்தும் நடனமும் நாடகமும் நடத்திய இடம் அது. அங்கே தொடங்கி, பிறகு மூர் மார்க்கெட் பக்கம் போன விலங்குக் காட்சி சாலைக்கு ‘உயிர்க் காலேஜ்’ என்று பெயர். என் பாட்டி கடைசிவரை இந்த இரண்டு பெயர்களைத்தான் சொன்னார். பெயரை மாற்றிப் பலகை வைப்பவர்களை விட, அன்றாடம் அந்த வழியாக நடக்கிறவர்களின் நாவுக்கே நான் அதிக மதிப்புத் தருவேன்.

அந்த மாளிகையில் மரண தண்டனை நிறைவேற்றியது உண்மையா?
– வாசகர், பெரம்பூர்

உண்மை. முற்றத்திலும் நிறைவேற்றினார்கள், சில சமயம் ஊர் பார்க்க வேண்டும் என்று சன்னலிலிருந்தும் தொங்கவிட்டார்கள். அதோடு, அகப்படாமல் தப்பி ஓடியவர்களைத் தலைகீழாகத் தொங்குவதாக வெளிச்சுவரில் ஓவியமாகத் தீட்டி அவமானப்படுத்தும் வழக்கமும் அங்கே இருந்தது. 1440இல் குடியரசுக்கு எதிராகப் போர் தொடுத்தவர்களை இந்த மாளிகையின் முகப்பில் அப்படி வரைந்த ஓவியர் ஆண்ட்ரேயா தெல் காஸ்தாஞ்ஞோ. அதற்குப் பிறகு ‘தூக்கில் தொங்குவோரின் ஆண்ட்ரேயா’ என்ற பட்டப்பெயர் அவரை விடவே இல்லை.

இன்னொரு நிகழ்ச்சி. 1478 ஏப்ரல் 26 அன்று, பேராலயத்தில் வழிபாடு நடந்துகொண்டிருந்தபோது மெடிச்சி குடும்பத்து ஜூலியானோவைக் கொன்றவர்களில் ஒருவன் பெர்னார்தோ பந்தினி. அவன் கான்ஸ்தாந்திநோபிள் வரை ஓடினான். சுல்தான் இரண்டாம் மெஹ்மத் அவனைப் பிடித்துத் திருப்பி ஒப்படைத்தார். 1479 டிசம்பரில், அங்கே அணிந்திருந்த துருக்கிய உடையுடனேயே அவனை இந்த மாளிகையின் சன்னலில் தூக்கிலிட்டார்கள். கூட்டத்தில் 27 வயது லியோனார்டோ டா வின்சியும் நின்றார். தொங்கும் உடலைச் சிறு தாளில் கோட்டோவியமாக வரைந்து, பக்கத்தில் தொப்பியின் நிறம், குள்ளநரித் தோல் உள்பக்கம் வைத்துத் தைத்த நீல மேலங்கி, கறுப்புக் காலுறை என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். அந்தத் தாள் இன்று பிரான்சின் பயோன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் கோபமோ இரக்கமோ கிடையாது. துணியின் விவரம் மட்டுமே இருக்கிறது. அதனாலேயே என்னால் அதை நெடுநேரம் பார்க்க முடிவதில்லை.

1786 நவம்பர் 30 அன்று, புளோரன்ஸைத் தலைநகராகக் கொண்ட தஸ்கனியின் பெருங்கோமகன் பியெத்ரோ லியோபோல்தோ வெளியிட்ட குற்றவியல் சட்டம் மரண தண்டனையையும் சித்திரவதையையும் ஒழித்தது. சில ஆண்டுகளில் சில குற்றங்களுக்கு அத்தண்டனை திரும்ப வந்துவிட்டாலும், ஐரோப்பாவில் ஓர் அரசு சட்டம் போட்டு அதை முழுவதும் நீக்கிய முதல் முறை அது. இந்த நூற்றாண்டு பிறந்தது முதல் அந்த நவம்பர் 30ஐத் தஸ்கனி மாநிலம் விழா நாளாகக் கொண்டாடி வருகிறது.

கவிஞர் தாந்தேயின் முகம் அந்தச் சிறைக்குள் கிடைத்ததாகப் படித்தேன். நாடு கடத்தப்பட்ட கவிஞரின் படம் நீதிமாளிகையில் எப்படி வந்தது?
– தமிழாசிரியர், திருவல்லிக்கேணி

ஐயா, இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன்.

தாந்தே 1300இல் புளோரன்ஸின் ஆட்சிக்குழுவில் இருந்தவர். அடுத்த ஆண்டு எதிர்க்கட்சியார் ஊரைக் கைப்பற்றினார்கள். 1302 ஜனவரி 27 அன்று, குப்பியோ ஊரிலிருந்து வந்து போதெஸ்தாவாக இருந்த காந்தே தெய் காப்ரியெல்லி, தாந்தேக்கு அபராதமும் இரண்டாண்டு நாடு கடத்தலும் விதித்தார். தாந்தே அபராதம் கட்டவும் இல்லை, நேரில் வரவும் இல்லை. மார்ச் 10 அன்று, பிடிபட்டால் உயிரோடு எரிக்க வேண்டும் என்று இரண்டாம் தீர்ப்பு வந்தது. தாந்தே பிறகு ஊர் திரும்பவே இல்லை. 1321இல் ரவென்னாவில் இறந்தார். உடலும் அங்கேதான் இருக்கிறது.

அவர் இறந்து ஏறத்தாழ பதினாறு ஆண்டுகள் கழித்து, அதே போதெஸ்தாவின் மாளிகையில் இருக்கும் மகதலேனா சிற்றாலயத்தின் சுவர்களில் ஜோட்டோவும் அவருடைய பட்டறையினரும் ஓவியம் தீட்டினார்கள். 1337 அளவில் வேலை முடிந்தது. வாசல் சுவரில் நரகம், பீடத்துச் சுவரில் சொர்க்கம். அந்தச் சொர்க்கத்தில் நிற்கும் பேறுபெற்றோர் வரிசையில், கையில் நூலோடு, பக்கவாட்டில் முகம் காட்டி நிற்கிறார் தாந்தே. எரித்துக் கொல்லச் சொன்ன பதவிக்குரிய மாளிகையிலேயே, ஒரு தலைமுறை கடப்பதற்குள், அவரைச் சொர்க்கத்தில் நிறுத்தி வைத்துவிட்டார்கள். தூக்குக்குப் போகிறவர்கள் தங்கள் கடைசி இரவைக் கழித்ததும் அந்தச் சிற்றாலயத்தில்தான். விடியலை எதிர்பார்த்துக் கிடந்த அவர்களுக்கு முன்னால், தண்டனை பெற்ற ஒருவர் சொர்க்கத்தில் நின்றுகொண்டிருந்திருக்கிறார். அவர்களில் யாருக்காவது அது யார் என்று தெரிந்திருக்குமா என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

மாளிகை சிறையானதும் சிற்றாலயத்தின் கதை மாறியது. உயரமான அந்த அறையை நடுவில் தளம் போட்டு மேலும் கீழுமாகப் பிரித்து, சரக்கு வைக்கவும் கைதிகளை அடைக்கவும் பயன்படுத்தினார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஜோட்டோ அங்கே தாந்தேயை வரைந்தார் என்ற செய்தி மட்டும், ஓவியர்களின் வரலாறு எழுதிய வசாரி முதலியோரின் ஏடுகளில் தங்கியது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கரான ரிச்சர்ட் ஹென்றி வைல்ட், ஆங்கில ஓவியர் சீமோர் கிர்க்கப், பியத்மாந்தைச் சேர்ந்த பெட்ஸி ஆகிய மூவர் அதைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று வலியுறுத்தி அனுமதி பெற்றார்கள். 1840 ஜூலையில் அந்தோனியோ மரீனி சுண்ணாம்பைச் சுரண்ட, முகம் வெளியே வந்தது. கண் இருந்த இடத்தில் யாரோ எப்போதோ ஓர் ஆணி அடித்திருந்தார்கள். அதைப் பிடுங்கியபோது காரையும் சேர்ந்து பெயர்ந்து, கண் போய்விட்டது.

அதிகாரிகள் படி எடுக்க அனுமதிக்கவில்லை. கிர்க்கப் காவலருக்குக் கொஞ்சம் பணம் கொடுத்து உள்ளே தங்கி, கண்ணில்லாத அந்த முகத்தை அப்படியே படி எடுத்துக்கொண்டார். அது எவ்வளவு நல்ல காரியம் என்பது அடுத்த ஆண்டே தெரிந்தது: மரீனி புதிதாக ஒரு கண்ணை வரைந்து, முகத்தையும் உடையையும் திருத்திவிட்டார். பச்சை, வெள்ளை, சிவப்பு என்று இருந்த உடையில் இத்தாலியப் புரட்சியாளர்களின் கொடி நிறங்கள் தெரிந்ததால்தான் பச்சையை மாற்றினார்கள் என்று கிர்க்கப் குற்றம் சாட்டினார். அவர் எடுத்த படியை 1859இல் லண்டனின் அருந்தேல் சங்கம் அச்சிட்டுப் பரப்பியது.

தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியத்துக்குப் பின்னால் சோழர் ஓவியம் மறைந்திருப்பதை 1931இல் பேராசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தது தங்களுக்கு நினைவிருக்கும். அங்கே ஓவியத்தின் மேல் ஓவியம். இங்கே வெறும் சுண்ணாம்பு. மேலே பூசியவருக்குக் கீழே இருந்ததைக் காக்கும் எண்ணம் இல்லை என்பதில் இரண்டும் ஒன்று. ஆனால் பூச்சு இருந்ததால்தான் விளக்குப் புகையும் கை பட்ட எண்ணெயும் கீழே இறங்கவில்லை. சுவருக்கு ஆணி அடித்தவனும் சுவரைக் காப்பாற்றியவனும் ஒரே சிறைக்காவலனாகக்கூட இருந்திருக்கலாம்.

நான் கட்டடக் கலை மாணவி. சிறையாக இருந்ததை அருங்காட்சியகமாக மாற்றும்போது என்னென்ன செய்தார்கள்? அதை இன்றைய பார்வையில் சரி என்று சொல்வீர்களா?
– வாசகி, அண்ணா நகர்

1850களின் இறுதியில் தொடங்கி 1865 வரை பிரான்செஸ்கோ மட்ஸேய் என்ற கட்டடக் கலைஞர் அந்த வேலையைப் பார்த்தார். சிறைக்காலத்தில் பெரிய கூடங்களுக்குள் குறுக்குச் சுவரும் இடைத்தளமும் எழுப்பியிருந்தார்கள். முதல் மாடியில் முற்றத்தைப் பார்த்த திறந்த தாழ்வாரத்தின் வளைவுகளைச் செங்கல் வைத்து அடைத்துக் கொட்டடிகளாக்கியிருந்தார்கள். மட்ஸேய் அவற்றையெல்லாம் இடித்து, வளைவுகளைத் திறந்து, 1340களில் நேரி தி ஃபியோரவந்தே விதானம் அமைத்த பெரிய மன்றத்தை மறுபடியும் ஒரே கூடமாக்கினார். அதோடு நிற்காமல், கயேத்தானோ பியாங்கியைக் கொண்டு சுவர்களில் இடைக்காலப் பாணியில் புதிய அலங்கார ஓவியமும் தீட்டச் செய்தார். இன்று அங்கே ‘பழமை’ என்று நாம் வியந்து பார்க்கும் நிறங்களில் கணிசமானவை 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை.

சரியா என்று கேட்கிறீர்கள். வளைவுகளைத் திறந்ததை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தத் தாழ்வாரத்தில் ஒரு முறை நின்றவர் யாரும் சொல்ல மாட்டார். ஆனால் இடித்ததில் ஒரு கொட்டடியையாவது விட்டு வைத்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு உண்டு. போதெஸ்தாக்களின் சின்னங்கள் சுவர் நிறைய இருக்கின்றன. அங்கே அடைபட்டவர்கள் சுவரில் கீறிய எழுத்தைத் தேடினால் எளிதில் அகப்படுவதில்லை. ஒன்றுபட்ட இத்தாலி அப்போதுதான் பிறந்திருந்தது. 1865இல் புளோரன்ஸ் அதன் தலைநகரமும் ஆயிற்று. புதிய நாட்டுக்குத் தன்னைத்தானே ஆண்ட குடியரசுக் காலம் பெருமையாகத் தெரிந்தது, கோமகன்களின் சிறைக்காலம் கூச்சமாகத் தெரிந்தது. தாந்தே பிறந்த அறுநூறாம் ஆண்டு விழாவும் அதே 1865 மேயில் வந்தது. அதையொட்டிய கண்காட்சியை இந்த மாளிகையிலேயே நடத்தினார்கள். அடுத்த மாதமே அரசாணை பிறந்து, இது இத்தாலியின் முதல் தேசிய அருங்காட்சியகமானது. விழாவுக்கு ஏற்ற மாளிகையாக்கும் அவசரத்தில், ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் குப்பையோடு குப்பையாகப் போயின என்பதே என் எண்ணம்.

இதைச் சொல்லும் தகுதி சென்னைக்காரர்களாகிய நமக்கு உண்டா என்றும் யோசிக்கிறேன். சென்ட்ரலுக்கு அருகில் 1837 முதல் நின்ற மத்தியச் சிறை 2006இல் புழலுக்குப் போனது. 2009இல் இடிப்பதற்கு முன் சில நாள்கள் மக்களைப் பார்க்க விட்டார்கள். நானும் போனேன். சுபாஷ் சந்திர போஸ் அடைபட்டிருந்த சிறை என்பதற்காகப் போனவன், வெளியே வரும்போது வேறொன்றைத்தான் நினைவில் கொண்டுவந்தேன்: ஒரு கொட்டடியின் சுவரில் கரியால் போட்ட நாட்கோடுகள். ஐந்தைந்தாகக் கட்டி, ஒரு மூலையிலிருந்து கதவுவரை போய், ஓரிடத்தில் நின்றுவிட்டிருந்தன. இன்று அந்த நிலத்தில் மருத்துவக் கல்லூரியின் கட்டடங்கள் இருக்கின்றன. மருத்துவம் படிக்க இடம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஒரே ஒரு வரிசைக் கொட்டடியை நிறுத்தி வைத்துக்கொண்டும் அந்தக் கல்லூரியைக் கட்டியிருக்கலாம்.

சேப்பாக்கம் அரண்மனையில் இதற்கு நேர்மாறான ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. 1768இல் ஆர்க்காட்டு நவாபுக்காகக் கட்டியது. பிறகு அரசுக்குப் போய்ப் பல அலுவலகங்களாயிற்று. 2012 ஜனவரியில் அதன் கலச மகால் தீப்பிடித்துக் கூரை விழுந்தபோது, இனி இடிப்பார்கள் என்றே நான் நினைத்தேன். இடிக்காமல் சுண்ணாம்புக் காரையில் வேலை தெரிந்தவர்களைக் கொண்டு சீரமைத்து, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குக் கொடுத்தார்கள். தாங்கள் மாணவி என்பதால் சொல்கிறேன்: ஒரு முறை அங்கே போய், புதுக் காரை எங்கே முடிந்து பழைய காரை எங்கே தொடங்குகிறது என்று சுவரில் கை வைத்துப் பாருங்கள்.

பார்ஜெல்லோவிலிருந்த கைதிகள் எங்கே போனார்கள்?
– வாசகர், கொளத்தூர்

‘லே முராத்தே’ என்ற இடத்துக்கு. அது 15ஆம் நூற்றாண்டில் கன்னியர் மடம். நான்கு சுவருக்குள் தங்களை அடைத்துக்கொண்டு வாழ்ந்த துறவியர் என்பதால் ‘சுவருக்குள் அடைந்தவர்கள்’ என்று பொருள்படும் பெயர் வந்தது. 1808இல் நெப்போலியன் ஆட்சி மடத்தை மூடியது. பிறகு சிறையாயிற்று, 1980களில் சிறையும் போனது. இப்போது வாடகைக் குடியிருப்பும் புத்தகக் கடையும் உணவகமும் இருக்கின்றன. ஒரு மாளிகை சிறை வேலையை உதறினால், இன்னொரு கட்டடம் அதைச் சுமக்க வேண்டியிருக்கிறது.

அங்கே உள்ள சிற்பங்கள் அந்த மாளிகைக்காகச் செய்தவையா? இல்லையென்றால் அவற்றை அங்கே வைத்தது பொருத்தமா?
– வாசகர், தாம்பரம்

ஏறக்குறைய எதுவுமே அங்கே பிறந்ததில்லை. டொனாடெல்லோவின் வெண்கல தாவீது மெடிச்சி குடும்பத்து வீட்டு முற்றத்தில் நின்றது. அந்தக் குடும்பத்தைத் துரத்திய குடியரசு 1495இல் அதைத் தன் மாளிகைக்கு எடுத்துக்கொண்டு போனது. வீட்டுக்குள் குடும்பப் பெருமையாக இருந்த சிலை, கொடுங்கோலரை வீழ்த்திய சிறுவனாக ஊருக்கே பொதுவானது. கட்டடங்கள் மட்டுமல்லாமல் சிலைகளும் வேலை மாறுகின்றன. டொனாடெல்லோவின் புனித ஜார்ஜ் ஓர்சான்மிக்கேலே ஆலயத்தின் வெளிமாடத்திலிருந்து வந்தது. ஜாம்போலோன்யாவின் வெண்கல வான்கோழி, காஸ்தெல்லோ தோட்டத்துச் செயற்கைக் குகைக்காக வார்த்தது. அமெரிக்காவிலிருந்து அப்போதுதான் ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்த பறவை அது. இறகைச் சிலிர்த்து நிற்கும் அதன் கழுத்துச் சதையில், மெழுகு அச்சில் விரல் அழுந்திய தடம் தெரிகிறது.

பொருத்தமா என்றால், பெரிய மன்றத்தில் ஒரு சுவருக்கு முன்னால் நின்று பார்க்கச் சொல்வேன். 1401இல் ஞானஸ்நான ஆலயத்தின் வெண்கலக் கதவுக்காக நடந்த போட்டியில் கிபெர்ட்டியும் புரூனெல்லஸ்கியும் செய்து கொடுத்த இரண்டு மாதிரித் தகடுகள் அங்கே பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஆபிரகாம் மகனைப் பலியிடும் காட்சிதான் இரண்டிலும். வென்றவர் கிபெர்ட்டி. இரு தரப்பையும் அருகருகே வைத்து யாரும் மறுவிசாரணை நடத்திப் பார்க்கலாம் என்பதால், நீதிமன்றமாக இருந்த கூடத்துக்கு அதைவிடப் பொருத்தமான பொருள் எனக்குத் தோன்றவில்லை. என் தீர்ப்பு புரூனெல்லஸ்கிக்கு: தேவதை ஆபிரகாமின் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தும் அந்தப் பிடியில் வெண்கலம் நிஜமாகவே இறுகுகிறது.

அடுத்த கோடையில் மகனைப் பார்க்க இத்தாலி போகிறோம். புளோரன்ஸில் ஒரே நாள்தான். பார்ஜெல்லோவுக்கு ஒரு மணி நேரம் கிடைத்தால் எதைப் பார்ப்பது?
– ஓய்வுபெற்ற தம்பதி, வில்லிவாக்கம்

முதலில் முற்றத்தில் கிணற்றருகே ஐந்து நிமிடம் நில்லுங்கள். பிறகு வெளிப் படிக்கட்டு. கல் படிகள் தேய்ந்து நடுவில் குழிந்திருக்கும், கைப்பிடிச் சுவரை ஒட்டி மெல்ல ஏறுங்கள். தரைத்தளத்தில் மைக்கேலாஞ்சலோவின் பாக்கஸ் சிலை இருக்கும் அறையை இறங்கும்போது பார்த்துக்கொள்ளலாம். 1966 நவம்பர் 4 வெள்ளத்தில் ஆர்னோ ஆற்றின் சேறும் எண்ணெயும் புகுந்த அறை அது.

மாடியில் பெரிய மன்றத்தில் கால் மணி நேரம். அதற்குப் பிறகு மீதி நேரம் முழுவதையும் மகதலேனா சிற்றாலயத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் வாசலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் உள்ளே போய், பீடத்துச் சுவரின் வலப்பக்கத்தில் நிற்கும் வரிசையைப் பாருங்கள். சிவப்பு உடையில் மூக்கு கூர்மையாக, பக்கவாட்டில் ஒரு முகம். பெரும்பகுதி மங்கிப்போயிருக்கிறது, கண்ணாடி போடுகிறவர்கள் மறக்காமல் போட்டுக்கொள்ள வேண்டும். தாடையும் உதடும் ஜோட்டோவின் பட்டறையிலிருந்து வந்தவை. கண் மட்டும் 1841ஐச் சேர்ந்தது.